மனு மேயருக்கு, கோப்பு ஆணையருக்கு

“மேயர் ஒரு வாரம் முழுக்க என்னதான் செய்வார்? ரிப்பன் வெட்டுவதைத் தவிர அவருக்கு வேலை உண்டா? மாநகராட்சியை உண்மையில் நடத்துவது யார்?” உள்ளாட்சி நிர்வாகம் படிக்கும் மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். சென்னையை வைத்தே பதில் சொல்கிறேன். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் மாமன்றக் கூடத்தில் செய்தியாளர் வரிசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து முதுகுவலி வாங்கியவன் நான். வேறு தகுதி எனக்கு இல்லை.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகராட்சிக்குத் தலைமை இரண்டு. ஒருவர் மேயர். வார்டு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 200 உறுப்பினர்களின் அவைதான் மாமன்றம்; அவர்கள் தங்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர் ஆணையர். ஐ.ஏ.எஸ். அதிகாரியான அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மாமன்றத்துக்குத் தலைமை தாங்குவது மேயர்; நிர்வாகத்தை நடத்துவது ஆணையர். டெண்டர், பணியிட மாற்றம், நோட்டீஸ், காசோலை எல்லாம் ஆணையரின் பேனாவிலிருந்து கிளம்புகின்றன. 1919ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதும் இப்படித்தான். 2023 ஏப்ரலில் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை.

இதை வெளிநாட்டு மேயர்களோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நியூயார்க் மேயர் துறைத் தலைவர்களைத் தாமே நியமிக்கிறார். இங்கிலாந்தின் பர்மிங்காமில் மேயர் பதவி அலங்காரப் பதவி; மன்றம் தேர்ந்தெடுக்கும் தலைவர்தான் அமைச்சரவை போன்ற ஒரு குழுவை வைத்துக்கொண்டு மாநகராட்சியை நடத்துகிறார். சென்னை மேயர் இந்த இரண்டிலும் சேராதவர். மக்களின் கோபம் அவர் வீட்டு வாசலுக்கு வரும். அதைத் தீர்க்கும் கையெழுத்து தாழ்வாரத்தின் மறுமுனையில் இருக்கும். மனுவைக் கோப்பாக மாற்றுவதுதான் அவருடைய வாரம். அதில் எத்தனை மனு உண்மையிலேயே கோப்பாகிறது என்பதை வைத்துத்தான் ஒரு மேயரை நான் எடைபோடுவேன்.

மழைக்கு முந்தைய மாதத்தில், மாமன்றக் கூட்டம் வரும் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். எந்த வேலை எந்தக் கிழமையில் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். வேலைகள் மாறுவதில்லை.

வாரம் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. மேயரும் ஒரு வார்டின் உறுப்பினர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற ஆர்.பிரியா, திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74ஆவது வார்டிலிருந்து வந்தவர். அப்போது அவருக்கு வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண் மேயர். இந்தப் பதவிக்கு வந்த முதல் பட்டியலினப் பெண். ஊருக்கெல்லாம் மேயரானாலும், தெரு முனையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அந்த வார்டுக்காரர்களுக்கு அவர் கவுன்சிலர்தான். காலை ஏழு மணிக்கு வரும் முதல் மனு அநேகமாகச் சொந்த வார்டிலிருந்து வரும். அதில் மரியாதை குறைவாகவும் உரிமை கூடுதலாகவும் இருக்கும்.

அடுத்து ஆய்வு. பள்ளி, பூங்கா, மழைநீர் வடிகால், அம்மா உணவகம். செய்திப் படத்தில் நீங்கள் பார்ப்பது இந்தப் பகுதியைத்தான். மேயர் சாம்பார் சாதத்தை ஒரு வாய் சுவைப்பார், சுற்றி நிற்கும் அதிகாரிகள் அவர் முகத்தையே பார்ப்பார்கள். எனக்கு இந்தப் படங்களில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் மேயர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் முந்தின நாள் இரவே அந்தத் தெருவில் விளக்கு எரியும், குப்பை போகும், வடிகாலின் உடைந்த மூடி மாறும் என்பதையும் மறைக்க முடியாது. ஓர் அமைச்சரும் உடன் வந்துவிட்டால் ஆய்வின் தலைமை தானாகவே அவருக்குப் போய்விடும். மேயர் அரை அடி பின்னால் நடப்பார். எழுதப்படாத இந்த வரிசைமுறையைப் புரிந்துகொள்ளாமல் சென்னை மாநகராட்சியைப் புரிந்துகொள்ள முடியாது. சட்டப்படி தலைமை இரண்டுதான். நடைமுறையில் அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், கட்சியின் மாவட்டச் செயலாளர் என்று தலைமை நீண்டுகொண்டே போகும்.

இனி மனு வாங்கும் நாள். 2023 மே மாதம் ராயபுரத்தில் ‘மக்களைத் தேடி மேயர்’ திட்டம் தொடங்கியது. மண்டலம் மண்டலமாகப் போய் மேயரே நேரில் மனு வாங்குவார். இப்படி ஒரு முகாமில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். நீள மேசை. நடுவில் மேயர், இருபுறமும் துறை அதிகாரிகள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், நாலாக மடித்த மனுவை ஜவுளிக்கடைப் பையிலிருந்து எடுத்தார். தெருக் குழாயில் கழிவுநீர் கலந்து வருகிறது, பேரனுக்கு வயிற்றுப்போக்கு. மேயர் முழுவதும் படித்துவிட்டு அருகிலிருந்த அதிகாரியிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தந்தார். காகிதம் ஐந்து நாற்காலிகளைக் கடந்து, மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குடிநீர் வாரியப் பொறியாளரின் கையில் போய் நின்றது. பெரியவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கண்கள் மட்டும் காகிதத்தோடு போயின. “அம்மா, உங்ககிட்ட குடுத்தா முடிஞ்சிடும்னு சொன்னாங்க” என்றார்.

அந்த ஐந்து நாற்காலிகளில்தான் விஷயம் இருக்கிறது. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியின் கையில் இல்லை. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சிக்கு உரியது மழைநீர் வடிகால். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு இரும்பு மூடிகள் இருக்கும். ஒன்று வாரியத்துடையது, மற்றது மாநகராட்சியுடையது. பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. மின்சாரம் மின்வாரியத்துடையது. பெரிய கட்டடங்களின் அனுமதி சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துடையது. அண்ணா சாலையில் பள்ளம் விழுந்தால் அது நெடுஞ்சாலைத் துறையின் பள்ளம். ஆனால் தடுக்கி விழுந்தவர் திட்டுவது மேயரைத்தான். அந்த வாரியங்களுக்கு ஆணையிடும் அதிகாரம் மேயருக்கு இல்லை. கேட்கலாம், நினைவூட்டலாம், கூட்டத்தில் எழுப்பலாம். அன்று அந்தப் பொறியாளரைப் பார்த்து, “எந்த நாள்?” என்று மேசையிலிருந்து ஒரு கேள்வி போனது. அவர் ஒரு கிழமையைச் சொன்னார். அவ்வளவுதான். அந்தக் கிழமையைப் பலர் முன்னிலையில் சொல்லவைத்ததுதான் அங்கே இருந்த அதிகாரம்.

வார நடுவில், வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு வேலை நடக்கிறது. என் கணிப்பில் வாரத்தின் முக்கியமான பகுதி இதுதான். மன்றக் கூட்டத்துக்கான பொருள் புத்தகம் தயாராகும் நாட்கள் அவை. துறைகளிலிருந்து வரும் ஒவ்வொரு முன்மொழிவும் மன்றப் பொருளாக எண் இடப்பட்டு, அச்சாகி, உறுப்பினர்களுக்குப் போகும். பள்ளிக்கு விளையாட்டுக் கருவி, தெருவுக்குப் பெயர் மாற்றம், மயானத்தில் மேற்கூரை, பல கோடி ரூபாய் ஒப்பந்தம் எல்லாம் ஒரே எழுத்தளவில், ஒரே வாய்ப்பாட்டு மொழியில், “மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது” என்று முடியும். இவற்றில் பெரிய மீன் எது என்று தேட வேண்டும். அவசர வேலையென்றால் மேயரின் முன் அனுமதியோடு தொடங்கிவிட்டு, மன்றத்தின் ஒப்புதலைப் பிறகு வாங்குவதும் உண்டு. மேயர் இந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, “இந்தப் பொருளை இந்த மாதம் வைக்க வேண்டாம், தொகை ஏன் கூடியது என்று விளக்கம் வேண்டும்” என்று ஒரே ஒரு பொருளை நிறுத்தி வைத்தால் போதும். பத்துத் திறப்பு விழாவுக்கு அது சமம். அதைப் படம் எடுக்கத்தான் யாரும் வருவதில்லை.

மன்றப் பொருள் வெறும் காகிதம் என்று நினைப்பவர்கள் 2025ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைக்கும் தீர்மானம் அந்த ஜூன் மாதம் நிறைவேறியது. வேலையும் ஊதியமும் என்ன ஆகும் என்று அஞ்சிய தூய்மைப் பணியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பதின்மூன்றாம் நாள், உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, நள்ளிரவில் போலீசார் அவர்களை அகற்றினார்கள். ஜூனில் அச்சான ஒரு பொருள் ஆகஸ்டில் நடைபாதையில் பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்தது. அந்த இரண்டு மண்டலங்களில் ஒன்று மேயரின் சொந்த மண்டலம்.

நிலைக்குழுக்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கணக்கு, கல்வி, பணிகள், பொது சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பும் நிதியும் என்று குழுக்கள் இருக்கின்றன. 15 மண்டலங்களுக்கும் தலா ஒரு குழு, ஒரு தலைவர். சுறுசுறுப்பான தலைவர் வாய்த்தால் வேலை நடக்கும். இல்லையென்றால் தேநீரும் பிஸ்கட்டும் நடக்கும்.

மன்றக் கூட்டத்துக்கு வருவோம். முன்தினம் ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குள் பேச்சு முடிந்திருக்கும். யார் எதை எழுப்பலாம், எதை வெளியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது அங்கேயே முடிவாகும். காலையில் சீருடைச் சேவகரான தபேதார் முன்னே வர, அங்கியும் தங்கச் சங்கிலியும் அணிந்து மேயர் நுழைவார். கூடம் எழுந்து நிற்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மிச்சம் இது. 1688 செப்டம்பர் 29 அன்று இந்த மாநகராட்சி தொடங்கியபோது முதல் மேயர் நதானியல் ஹிக்கின்சன். கூட்டம் நடக்கும் மாளிகை மட்டும் இருபதாம் நூற்றாண்டுக்குரியது, 1913இல் திறக்கப்பட்டது. புகார் தெரிவிக்கும் எண்ணும் 1913 என்பதால், மாளிகைக்கு வயது கேட்டால் தொலைபேசியைக் காட்டிவிடலாம்.

மேயர் ஒரு திருக்குறளைச் சொல்லிப் பொருளும் சொல்வார். இரங்கல் தீர்மானம் இருந்தால் அது முதலில். பிறகு கேள்வி நேரம். அதன் பிறகு நேரமில்லா நேரம். பெயர்தான் அப்படி, கூட்டத்தின் பெரும்பகுதி அதற்குத்தான் போகும். எழும் உறுப்பினர் முதல் இரண்டு நிமிடத்தை முதலமைச்சர், அமைச்சர், மாவட்டச் செயலாளர், மேயர், துணை மேயர் என்று வரிசையாக நன்றி சொல்லியே தீர்த்துவிடுவார். “கோரிக்கைக்கு வாருங்கள்” என்று மேயர் மணியை அடிப்பார். வந்தால், வார்டில் நாய்த்தொல்லை, விளக்கு எரியவில்லை, சமுதாயக்கூடம் ஒழுகுகிறது, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) போன் எடுப்பதில்லை. இந்தக் கடைசிப் புகாரில் மட்டும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடு கிடையாது. எல்லா வரிசையிலிருந்தும் மேசை தட்டும் சத்தம் கேட்கும்.

அப்போது மேயரின் முகத்தைப் பார்க்காதீர்கள். அவர் கைக்கருகே மேசையைப் பாருங்கள். பக்கத்தில் ஆணையர் அமர்ந்திருப்பார். பின்வரிசையில் தலைமைப் பொறியாளர்களும் துணை ஆணையர்களும். உறுப்பினர் பேசப் பேச, பின்வரிசையில் ஒருவர் துண்டுச் சீட்டில் எதையோ எழுதி முன்னே அனுப்புவார். அது ஆணையரிடம் வரும். அவர் படித்துவிட்டு இரண்டு விரலால் மேயர் பக்கம் தள்ளுவார். மேயரின் பதில் அந்தச் சீட்டிலிருந்து வருகிறது. அந்தப் பதில்களில் மூன்று ரகம் உண்டு. “பரிசீலிக்கப்படும்” என்றால் நடக்காது. “நடவடிக்கை எடுக்கப்படும்” என்றால் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். ஒரு தேதியோ தொகையோ சேர்ந்து வந்தால் மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். சில நேரம் மேயர் சீட்டை ஒதுக்கிவிட்டு ஆணையரின் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார். பதில் அரை நிமிடம் தாமதமாகும். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் செய்தியாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பது.

எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்யும். தேநீர் வரும். பிற்பகலில் பாதி நாற்காலிகள் காலியான பிறகு, பொருள் புத்தகத்தில் உள்ள தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறும். நாய்த்தொல்லைக்கு இருந்த விவாத நேரம், கோடிக்கணக்கான ஒப்பந்தத்துக்கு இருக்காது. எத்தனையோ மேயர்கள் வந்து போயும் மாறாத குறை இது.

இருந்தாலும் இந்தக் கூட்டத்தை வெறும் நாடகம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. 1973 முதல் 1996 வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 1996இல் மு.க.ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராக வந்தார். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 வரை மறுபடியும் வெற்றிடம். நேரடித் தேர்தலா, மறைமுகத் தேர்தலா என்பதும் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. மன்றம் இல்லாத ஆண்டுகளில் சாலை போடாமல் இல்லை, விளக்கு எரியாமல் இல்லை. ஆனால் சீட்டு எழுத வேண்டிய அவசியம் எந்த அதிகாரிக்கும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. ஓர் உதவிப் பொறியாளர் போன் எடுக்கவில்லை என்பதை எங்கே போய்ச் சொல்வது என்றே தெரியாத ஆண்டுகள் அவை.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மாநகராட்சியின் ஆண்டு பட்ஜெட் 8,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. அதில் மேயர் நேரடியாகச் சுட்டிக்காட்டிச் செலவிடச் சொல்லக்கூடிய மேயர் மேம்பாட்டு நிதி, 2025–26 பட்ஜெட்டில் 3 கோடியிலிருந்து 4 கோடியாக உயர்ந்தது. வார்டு உறுப்பினருக்கு 50 லட்சம் 60 லட்சமானது. மேயரின் மாத மதிப்பூதியம் 2023 முதல் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, உறுப்பினருக்கு 10,000. வாரக் கடைசியில் வரும் கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா மொய்க்கே அது காணுமா என்று ஒரு மூத்த உறுப்பினர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புக்குப் பின்னால் உள்ள கேள்வியை அவரும் விரித்துச் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

இன்னொன்று. மன்ற இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. வார்டு அலுவலகத்தில் போனை எடுத்து “சொல்லுங்க” என்பது சில இடங்களில் இன்னமும் கணவரின் குரல். மன்றக் கூடத்துக்குள் கணவர்களுக்கு இடமில்லை என்பதால், நேரமில்லா நேரத்தில் எழுந்து பேசப் பேசத்தான் பல பெண் உறுப்பினர்களின் குரல் திறந்ததைப் பார்த்தேன். முதல் கூட்டத்தில் காகிதத்தைப் பார்த்து நடுங்கிய ஒருவர், இரண்டாம் ஆண்டில் வடிகால் ஒப்பந்ததாரரின் தாமதத்தை மீட்டர் கணக்கில் சொல்லிச் செயற்பொறியாளரை வியர்க்க வைத்தார்.

கூட்டம் முடிந்தாலும் வாரம் முடியவில்லை. வானத்தில் மேகம் நிற்கிறது. 2011இல் 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. ஏரியும் சதுப்பும் வயலுமாக இருந்த புறநகர்கள் வார்டுகளாயின. மழை பெய்தால் தண்ணீர் பழைய வழியைத் தேடும். அங்கே வீடு நிற்கும். மழைக்காலத்தில் ரிப்பன் மாளிகையின் கட்டுப்பாட்டு மையம் இரவிலும் விழித்திருக்கும். சுரங்கப்பாதைகள் திரையில் வரிசையாகத் தெரியும். மண்டலத்துக்கு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி கண்காணிப்புக்கு வந்துவிடுவார். அப்போது ஆணையரின் கை ஓங்கும், ஓங்கவும் வேண்டும். மோட்டார் எங்கே போக வேண்டும் என்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்ய முடியாது. மேயர் முழங்கால் தண்ணீரில் நிற்பார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு போல, நான்கு நாள் மின்சாரமில்லாத தெருக்காரர்களின் வசவை நேரில் வாங்குவார். அந்த வசவில் பாதி மற்ற துறைகளுக்குச் சேர வேண்டியது. ஆனால் தெருவுக்கு வந்தவர் அவர்தான்.

கேட்ட மாணவர் களப்பணிக்கு ஒரு மனுவைப் பின்தொடர்ந்து பார்க்கப் போவதாகவும் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு யோசனை. கழிவுநீர், குடிநீர் என்றால் 1916, குடிநீர் வாரியம். குப்பை, விளக்கு, மழைநீர் வடிகால், கொசு என்றால் 1913. புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு வார்டு உறுப்பினர். நகராவிட்டால் மேயர் முகாம். முதல் மனுவையே மேயரிடம் கொடுத்தால், அது ஐந்து நாற்காலிகளைக் கடந்து அதே ஏ.இ.யின் மேசைக்குத்தான் வந்து சேரும். புகார் எண்ணோடு போனால், “பதினேழு நாள் ஆகிவிட்டது, ஏன்?” என்று மேயர் கேட்க ஒரு பிடி கிடைக்கும். மனுவின் மேல் மூலையில் வார்டு எண்ணையும் தெருப் பெயரையும் பெரிதாக எழுதுங்கள். எந்த அதிகாரியும் முதலில் தேடுவது அதைத்தான்.